குக்கர் ஊசி எழவில்லை: என் அனுபவம்

எங்கள் எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் நான்கு நாள் படுத்தி எடுத்துவிட்டது. சூடாகும், ஆவி வரும், ஆனால் உள்ளே அழுத்தம் சேர்ந்ததும் எழ வேண்டிய, மூடியிலுள்ள ஊசி மேலே எழாது; சமையல் நேரமும் ஓடத் தொடங்காது. அழுத்தம் ஏறாவிட்டால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாதே! பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது, அடியும் பிடித்தது.

முதல் சந்தேகம் மூடிக்குள் இருக்கும் பெரிய சிலிகோன் வளையத்தின் மீது. கழுவி மாட்டினேன், பிறகு புதிதே வாங்கிப் போட்டேன். பயனில்லை. தண்ணீரைக் கூட்டினேன், அதுவும் ஆவியாகப் போனதுதான் மிச்சம். ஆவி வெளியேற்றும் வால்வும் சரியாக மூடித்தான் இருந்தது.

அப்புறம்தான் கவனித்தேன்: ஆவி மூடியின் ஓரத்தில் கசியவில்லை, ஊசியைச் சுற்றித்தான் கசிந்தது. ஆறியதும் மூடியைக் கவிழ்த்தேன். ஊசியின் அடியில் சுண்டுவிரல் நகமளவில் ஒரு சிலிகோன் தொப்பி. பார்வைக்கு நன்றாகவே இருந்தது. கழற்றி லேசாக இழுத்தபோதுதான் ஓரத்தில் மயிரிழை போலக் கிழிசல் தெரிந்தது. புது வளையம் வந்த பையிலேயே மாற்றுத் தொப்பியும் கிடந்திருக்கிறது, நான்தான் கண்டுகொள்ளவில்லை.

அதை மாட்டி, ஊசி தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு மூடினேன். பத்து நிமிடத்தில் டக்கென்று எழுந்து நின்றது. அப்பாடா!