ரயில் பயணத்தில் எட்டு வசனங்கள்

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அலுவலகத்துக்கு ஓடும் நமக்கு, ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்கும் தனியாக ஒரு மணி நேரம் அமைவது அரிது. ஆகையால் ஏற்கெனவே நாள்தோறும் நடக்கும் ஒரு காரியத்தோடு அதை இணைத்துவிடுவதே நிலைத்து நிற்கும் வழி.

சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்குப் பெருவிரைவு ரயிலில் செல்பவர், வேதாகமத்திலுள்ள சங்கீதம் 119-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதன் 176 வசனங்களும், எபிரெய எழுத்துகளின் வரிசையில், எட்டு எட்டு வசனங்களாக 22 பகுதிகளாய் அமைந்திருப்பதால், வேலைநாளுக்கு ஒன்றாக வாசித்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முழுச் சங்கீதமும் முடிந்துவிடும். எட்டு வசனங்களை வாசிக்க இரண்டு நிமிடம் போதும். அவற்றுள் மனத்தில் தைத்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, மீதிப் பயணம் முழுவதும் அதையே தியானித்து, அதையே ஜெபமாக்குங்கள். வாசிப்பைவிட இந்தத் தியானத்துக்கும் ஜெபத்துக்குமே அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கைப்பேசியில் வாசிப்பவர்கள் ரயில் ஏறுமுன் இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுவது நல்லது, ஏனெனில் திரையின் மேலே வந்து விழும் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், தியானம் கலைந்துவிடும். கூட்ட நெரிசலில் கைப்பிடியைப் பற்றி நிற்பவர்கள், முந்தின இரவே அந்த வசனத்தைச் சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

சுழல்முறை வேலையில் இருப்பவர்கள் கடிகார நேரத்தைக் குறிக்காமல், பணிக்குப் புறப்படும் பயணத்தையே ஜெபவேளையாகக் கொள்ளட்டும். வேலைநேரம் மாறினாலும் பயணம் மாறாது.