மழைக்கான இணைப்புக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக்கோள் இணைப்புகளை வடிவமைக்கப் புதிதாக வருபவர்கள், மழையில் சைகை எவ்வளவு இழக்கும் என்று கணக்கிடும்போது எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகளைத் திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். ஆண்டெனாவின் திசை பிசகுவது, கேபிள் முனையில் நீர் இறங்குவது போன்றவை எளிதில் தெரிந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆண்டு மழையளவை நம்புவது

இணைப்பைத் துண்டிப்பது ஆண்டின் மொத்த மழை அன்று, அந்த நேரத்தில் மழை கொட்டும் வேகமே. ஆண்டில் 0.01 சதவீத நேரம், அதாவது ஏறத்தாழ 53 நிமிடங்கள் மட்டுமே மிஞ்சப்படும் மழை வேகத்தைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யூ.) கணக்கீட்டு முறை அடிப்படையாகக் கொள்வது இதனால்தான்.

வலுவிழப்பை மட்டும் கழிப்பது

இன்றும் என்னைச் சினங்கொள்ள வைக்கும் தவறு இது. மழைத்துளிகள் சைகையை உறிஞ்சி வலுவிழக்கச் செய்வதோடு நிற்பதில்லை. உறிஞ்சும் எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ற இரைச்சலை உமிழும் என்பதால், குளிர்ந்த வானத்தை நோக்கியிருந்த ஆண்டெனா இப்போது சுமார் 275 கெல்வினில் உள்ள மழைத்திரையைப் பார்க்கத் தொடங்குகிறது. தெளிந்த வானில் ஏற்பியின், அதாவது சைகையைப் பெறும் அமைப்பின், மொத்த இரைச்சல் வெப்பநிலை (இரைச்சலை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு) 100 கெல்வின் என்று கொண்டால், சைகையைப் பாதியாக்கும் 3 டெசிபெல் வலுவிழப்பு தரும் மழை அதை இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்த்திவிடும். ஆகவே சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 3 அன்று, ஏறத்தாழ 6.5 டெசிபெல் சரிகிறது. ஓர் இடத்தில் மழை இழப்பை ஈடுகட்ட 4 டெசிபெல் கூடுதல் வலுவை இருப்பாக வைத்துவிட்டு, ஒவ்வொரு கனமழையிலும் இணைப்பு அறுந்தபோது ஆண்டெனாவில் சைகையைப் பெருக்கும் கருவியான எல்.என்.பி.யை மாற்றினார்கள், பிறகு மோடத்தை மாற்றினார்கள், கடைசியில் கேபிளையும் புதிதாக இழுத்தார்கள். கருவிகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. கணக்குத் தாளில் இரைச்சலுக்கான ஒரு வரி மட்டுமே விடுபட்டிருந்தது. ஏற்பி எவ்வளவு தரமானதோ அவ்வளவுக்கு இந்த இழப்பு பெரிதாகும் என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தாழ்ந்த கோணத்தை மறப்பது

ஆண்டெனா அடிவானத்திலிருந்து நிமிர்ந்து நோக்கும் கோணம் தாழத் தாழ, மழைக்குள் அலை கடக்கும் தொலைவு நீளும்.

எல்லாப் பழியையும் மழைமேல் போடுவது

மழையின் தாக்கம் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் கடுமையாகிறது. அலைவரிசைப் பட்டைகளில், கேயூ பட்டையைவிட அதிர்வெண் கூடிய கேஏ பட்டை மிகுதியாக அடிபடும், அதிர்வெண் குறைந்த சி பட்டை பெரும்பாலும் தாங்கிவிடும். 1.5 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் ஜி.பி.எஸ். தடுமாறினால், மழையை விட்டுவிட்டு அயனி மண்டலத்தின் கொந்தளிப்பையும் அருகிலுள்ள குறுக்கீட்டையும் முதலில் ஆராய வேண்டும்.