மூடியைத் திறந்தால் காணாமற்போன தடை

அக்டோபர் இறுதியில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷைர் யூனியன் கால்வாயில் தனியாகப் படகோட்டிச் சென்றபோது, கால்வாய்க்காக நிலத்தை ஆழமாக வெட்டிய, மரங்கள் கவிந்த உட்சீவ்ஸ் பகுதியில் வேகம் குறைந்து, என்ஜின் திணறிக் கரும்புகை கக்கியது. டீசல் வடிகட்டியை மாற்றியும் பயனில்லை. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பின்தளத்து மூடியைத் திறந்து புரொப்பெல்லரைத் தடவியபோதெல்லாம் அதில் எதுவும் சிக்கியிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மீண்டும் கிளம்பிய முதல் சில நிமிடங்களுக்குப் படகு நன்றாகவே ஓடியதை மூன்றாம் நாள்தான் கவனித்தேன். ஊறிய இலைகள் சுழலும் புரொப்பெல்லரில் பொதியாக அப்பிக்கொண்டு, அது நின்றதும் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. என் கைக்கு அவை அகப்படாததன் காரணம் இதுவே. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஓரிரு நொடிகள் பின்னோக்கிச் சுழற்றியதும் பழுப்பு இலைகள் குபுகுபுவென மேலெழுந்தன, புகையும் அடங்கியது. பெரும் நிம்மதி.