கார் நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாத ஆள் நெருங்கினால்: லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் நகைக்கடையை நான் ஏற்று நடத்தத் தொடங்கி, கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்த முதல் வருடம் அது. சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை. கடையைப் பூட்டிவிட்டுப் பின்சந்தில் காடியை (காரை) நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். மஃரிப் பாங்கு முடிந்து வெளிச்சம் மங்கியிருந்தது. இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் விறுவிறுவென்று என்னை நோக்கி வந்தான். தலையில் ஹெல்மெட். ஒரு கை முதுகுப்புறம். என் கை தானாகச் சட்டைக்கு அடியில் போய்விட்டது. அதை அவன் பார்த்துவிட்டான். இரண்டு கைகளும் மேலே போயின. ஒரு கையில் காற்றடிக்கும் பம்பு. "அங்கிள், உங்க டயர்ல காத்து இல்ல, அதான் வந்தேன்" என்றான். குரல் நடுங்கியது. பக்கத்துத் தோட்டத்துப் பையன், பதினேழு வயது இருக்கும்.

அந்த இரண்டு கைகள் மேலே போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நம் பிள்ளைகளைப் பார்த்தாலே பையை இறுக்கிப் பிடிக்கிறவர்கள் இந்த நாட்டில் போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். அந்த வரிசையில் நானும் போய் நின்றேன், அதுவும் இடுப்பில் துப்பாக்கியோடு. அன்று நான் செய்யாமல் விட்டதையெல்லாம் கீழே வரிசையாக எழுதுகிறேன். புதிதாக லைசென்ஸ் எடுத்த கடைக்காரர்கள், பாதுகாவலர் வேலைக்குச் சேர்ந்த தம்பிகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். துப்பாக்கி இல்லாதவர்கள் முதல் படியின் கடைசிப் பத்தியையும், பிறகு இரண்டிலிருந்து ஐந்து வரையும் படியுங்கள்.

முதல் படி: தாளில் என்ன இருக்கிறது என்று படியுங்கள்

எங்கள் ஊருக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிறகு பன்னிரண்டு வருடம் தோட்டங்களில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் காவல் நின்றார்கள். அந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்ததால், இடுப்பில் துப்பாக்கி இருப்பது ஒரு அதிகாரம் என்ற நினைப்பு எங்கள் தலைமுறைக்கு உண்டு. அது அதிகாரம் இல்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் மாநிலப் போலீஸ் தலைவர் கொடுத்த அனுமதி அது. அவர் கொடுத்ததை அவரே திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

லைசென்ஸிலும் அதோடு இணைந்த நிபந்தனைகளிலும் உங்கள் பெயர், ஆயுதத்தின் எண், அது எதற்காக என்பதெல்லாம் இருக்கும். நிதானமாக ஒரு தடவை படியுங்கள். புரியாத இடத்தை லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திலேயே கேளுங்கள். முக்கியமாக, அது உங்கள் ஒருவருக்கான அனுமதி. "மச்சான், கொஞ்சம் பிடி" என்று காடிக்குள் வேறொருவர் கையில் கொடுத்தீர்கள் என்றால் அவரிடம் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 1971-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் அதற்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் வைத்திருக்கிறது.

துப்பாக்கி இல்லாத தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. "தற்காப்புக்கு" என்று சீட்டுக்கு அடியில் பாராங் (நீளமான வெட்டுக்கத்தி) வைத்துக்கொண்டு ஊருக்குள் சுற்றாதீர்கள். தோட்டத்தில் வேலை செய்யும் கத்தி தோட்டத்தில் இருக்கும்வரை கருவி. பொது இடத்தில் சரியான காரணம் சொல்ல முடியாவிட்டால் 1958-ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டத்தின் கீழ் 5 முதல் 10 ஆண்டு சிறை, கூடவே பிரம்படி.

இரண்டாவது படி: கடையிலிருந்து இறங்குவதற்கு முன்

வேலை பாதி இங்கேயே முடிந்துவிடும். இருட்டின பிறகு எடுக்கப்போகும் காடியைப் பகலிலேயே விளக்குக் கம்பத்துக்குக் கீழே நிறுத்துங்கள். லாரி, வேன் பக்கத்தில் வேண்டாம். மூக்கு வெளியே பார்க்கிறபடி பின்பக்கமாக உள்ளே விடுங்கள். சாவியைக் கடைக்குள்ளேயே எடுத்து இடது கையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள், வாட்ஸ்அப் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். கதவைத் திறந்து உடனே இறங்காமல் மூன்று மூச்சு நின்று சந்து முழுவதையும் ஒரு பார்வை பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே பையோடு வங்கிக்குப் போகும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது படி: ஆளைப் பார்க்காதீர்கள், அவன் செய்வதைப் பாருங்கள்

புதியவர்கள் தவறுவது இங்கேதான். நானும் தவறினேன். நிறம், பச்சை குத்திய கை, கிழிந்த சிலுவார் (கால்சட்டை), பேசும் பாஷை, இதெல்லாம் ஒன்றும் சொல்லாது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசிப் பையன் சம்பள நாளில் ஊருக்கு வந்து வழி தெரியாமல் நிற்பான். மழைக்கோட்டு போட்ட மோட்டார்க்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வருவார். இவர்களையெல்லாம் சந்தேகப்பட்டால் உங்கள் கண் நாள் முழுக்கத் தப்பான இடத்தைப் பார்த்துக் களைத்துப்போகும், வரவேண்டியவன் வரும்போது பார்க்காது.

பார்க்க வேண்டியது மூன்றே மூன்று. கைகள் எங்கே இருக்கின்றன? நீங்கள் வழி மாறினால் அவனும் மாறுகிறானா? கூட வேறு யாராவது உங்கள் பின்பக்கம் நகர்கிறார்களா? இரண்டாவது கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது சுலபம். நேராகக் காடிக்குப் போகாமல் எதிர்வரிசைக்குக் கடந்து போங்கள். தன் வேலையாக வந்தவன் தன் வழியில் போய்விடுவான். உங்களுக்காக வந்தவன் காரணமே இல்லாமல் அவனும் கடப்பான். நீங்கள் செய்த ஒரு சின்ன அசைவுக்கு அவன் கொடுக்கும் பதில்தான் சந்தேகத்துக்கு அடிப்படை. பிறகு போலீஸில் வாக்குமூலம் கொடுக்கும்போதும் "பார்க்க ரௌடி மாதிரி இருந்தான்" என்பது எதற்கும் உதவாது. "நான் இரண்டு தடவை வழி மாறினேன், இரண்டு தடவையும் பின்னால் வந்தான், வலது கையைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை" என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான்காவது படி: இருபது அடியில் குரல்

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர் 1983-இல் ஒரு கணக்கை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஒருவன் 21 அடியைக் கிட்டத்தட்ட ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான், துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துக் குறிவைக்கவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகும் என்பது அந்தக் கணக்கு. 21 அடிக்குள் வந்தால் சுடலாம் என்று இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அது சொல்வது வேறு: இடுப்பில் இருப்பது உங்களை நீங்கள் நினைக்கிற அளவுக்குக் காப்பாற்றாது. அதனால் ஆள் தூரத்தில் இருக்கும்போதே வாயைத் திறக்க வேண்டும்.

அந்தத் தூரம் கண்ணுக்குப் பழக வேண்டுமானால் தோட்டத்துப் பூப்பந்து மைதானத்துக்குப் போங்கள். இரட்டையர் ஆட்டத்துக்கான மைதானத்தின் அகலம் 20 அடி. ஒரு ஓரக்கோட்டில் நீங்கள், எதிர் ஓரக்கோட்டில் உங்கள் தம்பி. அவரை ஓடிவரச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் அவர் மூக்குக்கு நேரே நிற்பார். ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

சரி, என்ன சொல்வது? இரண்டு கைகளையும் நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், உள்ளங்கை அவனைப் பார்க்கட்டும். "கொஞ்சம் பொறு" என்று யாரிடமும் காட்டுகிற சைகைதான். பார்ப்பவருக்கு அது மரியாதை. உங்களுக்கு அது முகத்தைக் காக்கும் வேலி. கூடவே தெளிவான குரலில், "தம்பி, அங்கேயே நின்னு சொல்லுங்க, என்ன வேணும்?" மலாய்க்காரராகவோ வெளிநாட்டுத் தொழிலாளியாகவோ தெரிந்தால், "பாங், பெர்ஹெந்தி சித்து. அபா ஹால்?" (அண்ணே, அங்கேயே நில்லுங்க. என்ன விஷயம்?) இது யாரையும் அவமதிக்காது. மணி கேட்க வந்தவர், மோட்டாருக்கு எண்ணெய் தீர்ந்து இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கேட்க வந்தவர் எல்லோரும் அங்கேயே நின்று பேசுவார்கள். அன்று நான் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், லாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே "டயர்ல காத்து இல்ல" என்று அவன் சொல்லியிருப்பான், நானும் நன்றி சொல்லியிருப்பேன்.

நின்று பேசுபவரிடம் கனிவாகப் பேசுங்கள். ஆனால் கைப்பேசியைக் கொடுக்கவோ பணப்பையைத் திறக்கவோ வேண்டாம். உதவி வேண்டுமென்றால் "வெளிச்சத்துக்கு வாங்க, அந்த ரெஸ்டோரன் முன்னாடி பேசுவோம்" என்று கூப்பிடுங்கள்.

இந்த நேரம் முழுவதும் கை துப்பாக்கிப் பக்கம் போகக் கூடாது. சட்டையைத் தூக்கிக் காட்டுவது, "என்கிட்ட என்ன இருக்கு தெரியுமா" என்று சொல்வது, இரண்டுமே வேண்டாம். ஒன்றும் செய்யாத ஒருவனை மிரட்டினால் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள். அவன் நிஜத் திருடன் என்றால் அவனுக்கு எடுக்க வேண்டிய பொருள் இன்னொன்று கூடிவிடும்.

ஐந்தாவது படி: நிற்கச் சொல்லியும் வந்தால்

இப்போது சந்தேகம் போய்விட்டது. குரலை உயர்த்துங்கள்: "நில்! கிட்ட வராதே! ஜாங்கான் டெக்காட்!" நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். கத்திக்கொண்டே நகருங்கள். நேர் பின்னால் போனால் விழுவீர்கள், நம் சந்துகளில் கால்வாய்க்கு மூடி இருக்காது. பக்கவாட்டில் வளைந்து, காடி ஒன்றை நடுவில் போட்டுக்கொண்டு, ஆளும் வெளிச்சமும் இருக்கிற பக்கம் போங்கள். உங்கள் காடி பக்கத்தில் இருந்தால் ஏறிப் பூட்டி ஓட்டிவிடுங்கள். முடிந்ததும் 999 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

பையைக் கேட்டால் பையை ஒரு பக்கம் தூர எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடுங்கள். உள்ளே நகை இருக்கிறதே என்பீர்கள். நகைக்குக் காப்புறுதி எடுக்கலாம். நான் எடுத்திருக்கிறேன்.

ஆறாவது படி: துப்பாக்கி எப்போது

இதைப் பற்றி நான் குறைவாகத்தான் எழுதப்போகிறேன், எழுத்தில் படித்துக் கற்கிற விஷயம் இல்லை இது. சட்டத்தை மட்டும் சொல்கிறேன். குற்றவியல் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. பிரிவு 99 வேலி போடுகிறது: அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் ஒரு அடி கூட அடிக்கக் கூடாது. பிரிவு 100-இன்படி, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும்படியான தாக்குதல் போன்ற சில நிலைகளில்தான் எதிராளியின் உயிர் போகிற அளவுக்கு அந்த உரிமை நீளும். பிரிவு 102 அந்த அச்சம் தொடங்கும்போது உரிமையும் தொடங்கும், அச்சம் நீங்கும்போது முடியும் என்கிறது. கத்தியோடு வந்தவன் திரும்பி ஓடத் தொடங்கிவிட்டால் முடிந்தது. முதுகில் சுட்டால் அது தற்காப்பு இல்லை. கொள்ளைக்கு எதிராகச் சொத்தைக் காக்கவும் சட்டத்தில் இடம் உண்டுதான். ஆனாலும் பணத்துக்காகச் சுட வேண்டாம் என்பதே என் முடிவு, இதைப் படிக்கிற தம்பிகளுக்கும் அதையே சொல்கிறேன். சந்துக்கு அந்தப் பக்கம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பிள்ளைகள் அப்பம் பாலிக் வாங்க நிற்கிறார்கள். குண்டு அவனைத் தாண்டிப் போனால் எங்கே போகும்?

ஓடவும் வழியில்லை, கத்தி உங்கள் மேல் வருகிறது என்றால்தான் அந்தக் கருவிக்கு வேலை. அதை எடுக்கவும் கையாளவும் முறையான துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில் தகுதியுள்ள பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏழாவது படி: முடிந்த பிறகு

எதுவும் நடக்காமல் அவன் ஓடிப்போனாலும் 999-க்கு நீங்களே முதலில் அழையுங்கள். இடம், ஆள் அடையாளம், போன திசை, "நான் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறேன், அது உறையில் இருக்கிறது" என்ற தகவல், இவ்வளவு போதும். போலீஸ் வந்து இறங்கும்போது அவர்களுக்கு நீங்களும் முன்பின் தெரியாத ஆள்தான். கைகள் காலியாக, வெளியே தெரிகிறபடி இருக்கட்டும். சொல்கிறபடி செய்யுங்கள், லைசென்ஸை எடுக்கும் முன் எடுக்கப்போகிறேன் என்று சொல்லுங்கள். பிறகு பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போய்ப் புகார் எழுதுங்கள். மலாயில் எழுத வராது என்றால் தெரிந்தவரைக் கூட அழைத்துப் போங்கள். புரியாத வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். துப்பாக்கி வெளியே வந்திருந்தால் வழக்கறிஞரையும் அழையுங்கள். ஆயுதத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டால் வாக்குவாதம் வேண்டாம்.

எட்டாவது படி: பழக்கம்

முதல் இரண்டு வாரம் துப்பாக்கி இரும்புப் பெட்டியிலேயே இருக்கட்டும். மாலையில் பூப்பந்து மைதானத்தில் வெறுங்கையோடு நான்காவது படியை மட்டும் பழகுங்கள். ஒருவர் நடந்து வரட்டும், நீங்கள் கையை உயர்த்தி "அங்கேயே நின்னு சொல்லுங்க" என்று சொல்லுங்கள். சில தடவை அவர் நிற்கட்டும், சில தடவை நிற்காமல் வரட்டும். எது வரும் என்று முன்னால் சொல்லக் கூடாது. பயத்தில் விரல் நடுங்கும், பார்வை குறுகும், காது அடைக்கும். அந்த நேரத்தில் யோசித்துப் பேச வராது, பழகிய வாக்கியம்தான் வரும். என் மனைவியும் நானும் ஒரு மாதம் செய்தோம். ஆரம்பத்தில் அவளுக்குக் குரலே எழவில்லை. நான்காவது வாரம் அவள் போட்ட சத்தத்தில் லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. அந்தப் பம்பு கொண்டுவந்த பையனையும் ஒருநாள் கூப்பிட்டேன். எதிர்க்கோட்டிலிருந்து பத்துத் தடவை என்னை நோக்கி நடந்து வந்தான். பத்துத் தடவையும் என் கைகள் நெஞ்சு உயரத்திலேயே இருந்தன.