கார்ட்டூன் குரல்களைக் கொண்டாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனிமேஷன் பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பவர்களை ரசிகர்கள் இப்போது தேடிப் பிடித்துக் கொண்டாடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த அவசரத்தில் ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவர் கழுத்தில் மாலை விழுந்துவிடுகிறது. கேலி செய்பவர்களைவிட, ஆசையாகப் பாராட்டுகிறவர்கள்தான் இந்தத் தவறுகளை அதிகம் செய்கிறார்கள்.

எந்த மொழிப் பதிப்பு என்று சொல்லாமல் "இவர்தான் கோகுவின் குரல்" என்று எழுதுவதை முதலில் விட வேண்டும். டிராகன் பால் தொடரில் 1986 முதல் ஜப்பானிய மொழியில் கோகுவாகப் பேசிவருபவர் மசாகோ நோசாவா, 1936-ல் பிறந்த பெண்மணி. கோகுவின் மகன்கள் கோஹான், கோடென் இருவருக்கும்கூட அவரே குரல். அமெரிக்க ஆங்கிலப் பதிப்பில் வளர்ந்த கோகுவாகப் பலருக்கும் பழகிய குரல் ஷான் ஷெம்மலுடையது. இரண்டுமே நடிப்புதான். மூலமொழிக்காரர் மட்டுமே அசல், டப்பிங் பேசியவர் நகல் என்று பிரிப்பது பெரிய அநியாயம்.

பையன் பாத்திரத்துக்குப் பெண் பேசுவதைக் கேட்டு "ஏதோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள்" என்று நினைப்பவர்களும் உண்டு. தி சிம்ப்ஸன்ஸில் பார்ட்டுக்குப் பேசுபவர் நான்சி கார்ட்ரைட். நிஜப் பையனுக்குச் சில வருடங்களில் குரல் உடைந்துவிடும்; பாத்திரமோ பல பத்தாண்டுகளுக்குப் பத்து வயதிலேயே நிற்கிறது. வேறு என்ன செய்வார்கள்?

அடுத்தது பாட்டும் பேச்சும். 1998-ல் வந்த முலான் படத்தில் முலானாகப் பேசியவர் மிங்-நா வென், பாடியவர் லியா சலோங்கா. 1992-ன் அலாதீனில் பேச்சு ஸ்காட் வைங்கர், பாட்டு பிராட் கேன். பாட்டைப் பகிர்ந்துவிட்டு நடிகரின் பெயரைப் போட்டால் பாடியவர் காணாமல் போகிறார்.

பாத்திரத்துக்கு ஒரே குரல்தான் என்ற நம்பிக்கையும் ஆட்களை விழுங்குகிறது. மிக்கி மவுஸ் என்றால் வால்ட் டிஸ்னியே பேசினார் என்பது பலருக்கும் தெரியும். அவருக்குப் பிறகு ஜிம்மி மெக்டொனால்ட் பேசினார். 1977-லிருந்து 2009-ல் இறக்கும்வரை வேய்ன் ஆல்வைன் பேசினார். முப்பது வருடத்துக்கும் மேலாக மிக்கியாக இருந்தவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய மனைவி ரஸ்ஸி டெய்லர்தான் 2019-ல் இறக்கும்வரை மின்னி மவுஸுக்குப் பேசினார் என்பது கூடுதல் செய்தி. குரல் மாறியதும் "பழையவரைத் துரத்திவிட்டார்கள்" என்று கிளம்புவதும் வேண்டாம். வயது, உடல்நலம், ஒப்பந்தம், மரணம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். டோரேமானில் 1979 முதல் பேசிய நோபுயோ ஓயாமாவுக்குப் பதில் 2005-ல் வசாபி மிசுதா வந்தார். அந்த ஆண்டு முக்கியப் பாத்திரங்களின் குரல்கள் எல்லாமே மாறின. புதிதாக வந்தவர் யார் இடத்தையும் பறிக்கவில்லை.

டைட்டிலில் பெயர் இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டுவதுதான் என் பார்வையில் எல்லாவற்றையும்விட மோசம். 1937-ல் வந்த ஸ்னோ ஒயிட் படத்தில், கதாநாயகிக்குப் பேசிப் பாடிய ஆட்ரியானா கேசலோட்டி உட்பட, குரல் கொடுத்த யாருடைய பெயரும் திரையில் வரவில்லை. வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களின் கதை இன்னும் விசித்திரமானது. பக்ஸ் பன்னிக்கும் டாஃபி டக்குக்கும் குரல் தந்த மெல் பிளாங்க் சம்பள உயர்வு கேட்டார். அதை மறுத்துவிட்டு, பதிலுக்குத் திரையில் பெயர் போட்டார்கள் என்பது அவரே சொன்ன கதை. 1940-களில் கிடைத்த அந்தப் பெயர் அவருக்குப் பெரும் புகழ் தந்தது, நியாயமான புகழ்தான். ஆனால் அதே படங்களில் எல்மர் ஃபட்டுக்குப் பேசிய ஆர்தர் கியூ. பிரையனுக்குத் திரையில் பெயர் இல்லை. கிரானி பாட்டிக்குப் பேசிய ஜூன் ஃபோரேவுக்கும் பெரும்பாலும் அப்படியே. விளைவு, எல்லாக் குரலும் மெல் பிளாங்க்தான் என்று தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். ஒருவருக்குக் கிடைத்த மரியாதையே மற்றவர்களை மறைத்துவிட்டது. பழைய படம் என்றால் டைட்டிலோடு நிற்காமல், அனிமேஷன் வரலாற்றை எழுதுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பாருங்கள். புதிய படம் என்றால் 'கூடுதல் குரல்கள்' என்ற தலைப்பின் கீழ் ஓடும் பெயர்களையும் ஒரு தடவை நிறுத்திப் படியுங்கள். கூட்டத்தில் கத்துகிறவர், கடைக்காரர், காவலாளி எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். போஸ்டரில் பெரிதாக இருக்கும் சினிமா நட்சத்திரத்தின் பெயர் விளம்பரத்துக்காக. யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்பதற்கு அது கணக்கு இல்லை.

"மைக் முன்னால் நின்று பேசிவிட்டுப் போகிற வேலைதானே" என்பவர்களுக்கு: வசனம் முடிந்ததும் பெரும்பாலும் தனியாக ஒரு பட்டியல் வரும். அடி வாங்கும் சத்தம், மலையிலிருந்து விழும் அலறல், கழுத்தை நெரிக்கும்போது வரும் மூச்சு. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று விதமாகத் தர வேண்டும். தொண்டை கட்டிவிடும் என்பதால்தான் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். முதலில் கத்திவிட்டால் அப்புறம் காதல் வசனம் கரகரவென்று வரும்.

நடிப்பை எடைபோடும்போது வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதும் முக்கியம். அமெரிக்கப் படங்களில் பெரும்பாலும் குரலை முதலில் பதிவு செய்து, அதற்கேற்ப வரைகிறார்கள். ஜப்பானிய அனிமேயில் பெரும்பாலும் படத்தைப் பார்த்தபடி பிறகு பேசுகிறார்கள். டப்பிங்கில் வாயசைவு, நேரம் எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டவை. அவசரமாக ஒலிக்கும் ஒரு வரிக்குக் காரணம், மூன்று நொடிக்குள் திணிக்கப்பட்ட நீண்ட மொழிபெயர்ப்பாக இருக்கலாம். பாத்திரம் செய்த அட்டூழியத்துக்குக் குரல் கலைஞரைத் திட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கதை எழுதியது அவர் இல்லை.

விருது விஷயத்திலும் குழப்பம் உண்டு. குரல் நடிப்புக்கென்று ஆஸ்கரில் தனிப் பிரிவு கிடையாது. அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியில் உண்டு, 1992-லேயே தி சிம்ப்ஸன்ஸின் ஆறு குரல்களுக்குக் கிடைத்திருக்கிறது. அனிமேஷனுக்கென்றே ஆனி விருதுகள் 1972-ல் தொடங்கின, அதற்குப் பாடுபட்டவர்களில் மேலே சொன்ன ஜூன் ஃபோரேவும் ஒருவர். ஜப்பானில் 2007 முதல் குரல் நடிகர்களுக்கென்றே தனி விருது விழா நடக்கிறது. ஆகவே "ஆஸ்கர்கூட வாங்கியதில்லை" என்று யாரையும் குறைத்துப் பேசாதீர்கள்.

நேரில் பார்க்க நேர்ந்தால், "அந்தக் குரலில் எங்க அண்ணனைத் திட்டுங்க" என்று கேட்டபடியே போனை நீட்டுகிறார்கள். முதலில் அனுமதி கேளுங்கள், முடியாது என்றால் சரி என்று விடுங்கள். வரப்போகும் கதையைப் பற்றிக் கிளறவும் வேண்டாம், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து செயற்கை நுண்ணறிவுச் செயலியில் அந்தக் குரலை நகலெடுத்து, "உங்கள் தீவிர ரசிகன்" என்று அவருக்கே அனுப்பிவைப்பது இருக்கிறதே, அது பாராட்டு ஆகாது. குரல்தான் அவருடைய பிழைப்பு. அமெரிக்காவில் 2024 ஜூலையில் வீடியோ கேம் நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு இந்த நகலெடுப்புதான் முக்கியக் காரணம். பேச்சுவார்த்தை முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தாக ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.