சீமெந்து நெருப்புச் சட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தான். இரண்டு பிளாஸ்டிக் பேசினுக்கு நடுவே கொங்கிறீற்று ஊற்றி, அழகாக ஒரு நெருப்புச் சட்டி வார்த்திருக்கிறான். "அண்ணா, முந்தாநாள்தான் அச்சைக் கழற்றினேன். போயா லீவுக்கு எரிக்கலாமா?" என்று கேள்வி வேறு. தலையில் கை வைத்துக்கொண்டேன். பேசினுக்கு எண்ணெய் பூசு, கையுறை போடு என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

இறுகியதைக் காய்ந்தது என்று நம்புவது

வெள்ளவத்தை வீட்டுப் பின்வளவில் என் முதல் சட்டியை வார்த்து, ஒன்பதாம் நாள் மூட்டினேன். தட்டிப் பார்த்தால் 'டங்' என்றது. அந்தச் சத்தத்தை நம்பினேன். இறப்பர் விறகு பிடித்துக் கால் மணித்தியாலம் ஆகவில்லை, படார் படாரென்று வெடித்தது. ரூபாய்க் குற்றி அளவுச் சில்லொன்று பறந்து மச்சானின் முழங்காலைப் பதம் பார்த்தது. சட்டியின் உள்பக்கம் அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாகிவிட்டது. சீமெந்து, கம்பிவலை, இரண்டு வார இறுதி எல்லாம் குப்பைக்கு. மச்சான் இன்றும் தீப்பெட்டியைக் கண்டால் முழங்காலைத் தடவிக் காட்டுவான்.

சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு நடக்கும் இரசாயன மாற்றத்தால் இறுகுகிறது. அதனால்தான் மேசன்மார் ஈரச்சாக்கு போட்டு மூடுகிறார்கள். மிஞ்சிய தண்ணீர் நுண்துளைகளில் கிடக்கும். 100 பாகையில் அது ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். வழி கிடைக்காவிட்டால் சட்டியை உடைத்துக்கொண்டு வெளியேறும்.

முதல் 7 நாள் ஈரமாக வையுங்கள். அப்புறம் கூரைக்குக் கீழே குறைந்தது 28 நாள் உலர விடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில், அதுவும் ஒக்டோபர், நவம்பர் மழையில், அதுகூடப் போதாது. பிறகு முதல் நாள் இரண்டு கைப்பிடி சிரட்டை மட்டும் எரியுங்கள். மறுநாள் கொஞ்சம் கூட. வெளிப்பக்கம் வியர்த்தால் நிறுத்திவிடுங்கள், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

சாதாரணச் சீமெந்தில் நேரே விறகு எரிப்பது

300 பாகையைத் தாண்டினால் அது வலுவிழக்கத் தொடங்கும்; விறகு நெருப்பு அதைச் சுலபமாகத் தாண்டும். சட்டிக்குள் மணல் பரப்பி, மேலே ஒரு பழைய இரும்புத் தாச்சியை வைத்து அதில் எரியுங்கள்.

ஆற்றுக் கூழாங்கல் அலங்காரம்

வேண்டாம். அதுவும் வெடிக்கும்.

எரியும் சட்டியில் தண்ணீர் ஊற்றுவது

கீறல் விழும். மணலைப் போட்டு அணையுங்கள்.

அடியில் ஓட்டை விடாதது

மழைநீர் தேங்கும், நுளம்பு பெருகும், பிறகு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வாசலில் வந்து நிற்பார்.