இயக்குநர்களை எடைபோடும் விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இயக்குநர் தகுதிக்கு மீறிக் கொண்டாடப்படுகிறார் என்றோ, உரிய மதிப்புக் கிடைக்காமல் போய்விட்டார் என்றோ ஒருவர் சொல்லும்போது, அந்த ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. அவருடைய படங்களின் தரம் இவ்வளவு என்பது ஒன்று. மற்றவர்கள் அவருக்குக் கொடுத்திருக்கும் இடம் இவ்வளவு என்பது இன்னொன்று. சினிமா ரசிகர்களின் வாக்குவாதம் பெரும்பாலும் முதல் கூற்றையே சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த இடத்தைக் கொடுத்தது யார், எப்போது கொடுத்தார்கள், எந்தப் படங்களைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பதை எவரும் சொல்வதில்லை. எதிரில் இருப்பவரும் கேட்பதில்லை. இந்த விவாதங்களில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கை எடுத்துக்கொள்வோம். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கருக்கு அவர் பெயர் 5 முறை பரிந்துரைக்கப்பட்டது. ஒருமுறைகூட அது அவருக்குக் கிடைக்கவில்லை. இதை மட்டும் வைத்துக்கொண்டு அவரை மதிக்கப்படாத கலைஞர் என்று பேசுபவர்கள் உண்டு. ஆனால் அதே காலத்தில் பொதுமக்கள் அவர் பெயரைப் பார்த்தே திரையரங்குக்கு வந்தார்கள். பாரிஸில் 'கையே து சினிமா' இதழின் இளம் விமர்சகர்கள் அவரைப் பெருங்கலைஞர் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எரிக் ரோமரும் குளோத் ஷப்ரோலும் 1957இல் அவரைப் பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டார்கள். ஆகவே ஹிட்ச்காக் குறைத்து மதிப்பிடப்பட்டாரா என்ற கேள்விக்கு, விருதுக் குழுவினரைக் கேட்டால் ஒரு விடையும், ரசிகர்களைக் கேட்டால் வேறொரு விடையும், பிரெஞ்சு விமர்சகர்களைக் கேட்டால் மூன்றாவது விடையும் கிடைக்கும். எந்தக் கூட்டத்தைச் சொல்கிறோம் என்று முதலிலேயே குறிப்பிடாவிட்டால் அந்த வாதம் முடிவே இல்லாமல் நீளும்.

கிறிஸ்டோபர் நோலனைப் பற்றிய சண்டைகளிலும் இதுவே நடக்கிறது. இணையத்தில் அவரை எல்லாக் காலத்துக்கும் சிறந்தவராக வைக்கும் ரசிகர் பெருங்கூட்டம் ஒன்று பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அதே நோலனுக்கு 2018 வரை இயக்குநர் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை; விருது கிடைத்தது 2024இல்தான். அவரை மிகையாகப் புகழ்கிறார்கள் என்பவர் ரசிகர்களை நினைத்துப் பேசுகிறார், அவரை நீண்ட நாள் ஒதுக்கினார்கள் என்பவர் விருதுக் குழுவினரை நினைத்துப் பேசுகிறார். இருவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதை இருவருமே கவனிப்பதில்லை.

அடுத்த தவறு, பட்டியலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. முதல் வாக்கெடுப்பில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம் பெற்றது. 1962 தொடங்கி 2002 வரை ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' அந்த இடத்தில் இருந்தது. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அதை இறக்கியது. 2022இல் ஷாந்தால் ஆக்கர்மானின் 1975ஆம் ஆண்டுப் படமான 'ஜான் தீல்மன்' முதலிடத்துக்கு வந்தது. இந்த வரிசையைக் காட்டி ஹிட்ச்காக்கைவிட ஆக்கர்மான் பெரியவர் என்று வாதிடுபவர்களும், இதெல்லாம் வெறும் அரசியல் என்று கோபப்படுபவர்களும் அந்த வாக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. வாக்களிக்கும் ஒவ்வொருவரும் 10 படங்களின் பெயர்களைத் தருகிறார். அவற்றுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. ஒரு படத்தை எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்பது மட்டுமே எண்ணப்படுகிறது. ஆகவே முதலிடம் என்றால் அதிகம் பேரின் பத்துக்குள் இருந்த படம் என்றுதான் பொருள். அதுவே தலைசிறந்தது என்று யாராவது ஒருவர் நினைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. வாக்காளர் எண்ணிக்கையும் 2012இல் 846 ஆக இருந்து 2022இல் 1,639 ஆக உயர்ந்தது. வாக்களித்த கூட்டமே மாறிவிட்ட பிறகு, இரண்டு பட்டியல்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் படங்களின் தகுதியில் ஏற்பட்ட மாற்றமாகக் கொள்ள முடியாது.

இந்த முறையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெரும்பாலானோர் ஒரே படத்தை அவருடைய உச்சம் என்று ஏற்றுக்கொண்ட இயக்குநருக்கு வாக்குகள் ஓரிடத்தில் குவிகின்றன. ஏறத்தாழ சமமான பல நல்ல படங்களை எடுத்தவருக்கோ அவை சிதறிவிடுகின்றன. படங்களின் பட்டியலை வைத்து இயக்குநர்களை வரிசைப்படுத்துவது இதனாலேயே பிழையானது.

இயக்குநரின் பெயரில் எல்லாவற்றையும் வரவு வைப்பது மிகப் பழைய தவறு. திரைப்படத்தின் ஆசிரியர் இயக்குநரே என்ற பார்வையை 1950களில் பிரெஞ்சு விமர்சகர்கள் முன்வைத்தார்கள். பிரான்சுவா த்ரூஃபோவின் 1954ஆம் ஆண்டுக் கட்டுரை அதற்குத் தொடக்கமாக அமைந்தது. அமெரிக்காவில் விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் 1962இல் அதை ஒரு கோட்பாடாக எழுதினார். அடுத்த ஆண்டே இன்னொரு அமெரிக்க விமர்சகரான பாலின் கேல் அதைக் கடுமையாக மறுத்தார். ஸ்டூடியோவின் கட்டளைக்கு உட்பட்டு வேலை செய்தவர்களிடமும் தனித்த பார்வை உண்டு என்பதைக் காட்டுவதற்கே அந்தப் பார்வை அன்று தேவைப்பட்டது. இன்று அது ஒளிப்பதிவாளரையும் படத்தொகுப்பாளரையும் மறக்கச் செய்யும் பழக்கமாகிவிட்டது. 'வெர்டிகோ'வின் மயக்கத்தில் பெர்னார்ட் ஹெர்மனின் இசைக்கு உள்ள பங்கை விட்டுவிட்டு ஹிட்ச்காக்கை மட்டும் புகழ்வது நேர்மையான மதிப்பீடு ஆகாது. எதிர்த்திசையிலும் இதே வேகத்தில் தவறலாம். 'சிட்டிசன் கேன்' திரைக்கதை ஹெர்மன் மான்கீவிச்சுக்கே உரியது என்று கேல் 1971இல் வாதிட்டார். பின்னர் அந்தத் திரைக்கதையின் வரைவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்த ராபர்ட் கேரிங்கர், வெல்ஸின் பங்கும் கணிசமானது என்று காட்டினார். ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதற்காக இன்னொருவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியும் பாணி மட்டுமே பாணி என்று நம்புவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு. நீண்ட ஒற்றை ஷாட், தனித்த வண்ணக் கலவை, முன்னும் பின்னுமாக வெட்டப்பட்ட கதை ஆகியவை உடனே பெயர் வாங்கித் தருகின்றன. சிட்னி லூமெட் போன்றவர்களை, நல்ல கதையையும் நல்ல நடிகர்களையும் வைத்து ஒழுங்காக வேலை செய்தவர்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். 1957இல் வந்த அவருடைய முதல் திரைப்படமான '12 ஆங்ரி மென்' ஏறத்தாழ முழுவதும் ஒரே அறைக்குள் நடக்கிறது. படம் முன்னேற முன்னேற, அவரும் ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மனும் லென்ஸின் குவியத் தூரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். குவியத் தூரம் கூடினால் மனிதர்களுக்கும் அவர்களுக்குப் பின்னால் உள்ள சுவருக்கும் இடையிலான தூரம் குறைந்ததுபோலத் தோன்றும். அறை உண்மையில் சுருங்காவிட்டாலும் பார்ப்பவருக்கு அது நெருக்குகிறது. கேமராவின் உயரமும் இதே போலத் திட்டமிடப்பட்டது. முதல் மூன்றில் ஒரு பகுதி கண் மட்டத்துக்கு மேலிருந்தும், அடுத்த பகுதி கண் மட்டத்திலும், கடைசிப் பகுதி அதற்குக் கீழிருந்தும் எடுக்கப்பட்டது. அதனால் முடிவு நெருங்கும்போது சுவர்களோடு கூரையும் திரைக்குள் வந்து ஆட்களின் தலைமேல் கவிகிறது. கடைசியில் அவர்கள் வெளியே வரும் காட்சியில் அகன்ற லென்ஸைப் பயன்படுத்தி மூச்சு விட இடம் கொடுக்கிறார். பார்ப்பவர் இதில் எதையும் தனியாகக் கவனிப்பதில்லை. அப்படிக் கவனிக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் செய்யப்பட்டது. இவருக்குப் பாணி இல்லை என்று சொல்பவர், தாம் அந்தப் படத்தில் ஏன் இறுக்கத்தை உணர்ந்தோம் என்று யோசித்துப் பார்க்கவில்லை. இயக்குநர் பிரிவில் 4 முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் லூமெட்டுக்கு அது கிடைக்கவில்லை. 2005இல் ஒரு கௌரவ விருது மட்டும் வழங்கப்பட்டது.

பார்க்கக் கிடைக்காததையும் பார்த்து நிராகரிக்கப்பட்டதையும் ஒன்றாக எண்ணுவது வேறொரு வகைத் தவறு. வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் தம் முதல் படமான 'நாகரிக்'கை 1952இல் முடித்தார். அது வெளியானதோ அவர் இறந்த மறு ஆண்டில், 1977இல்தான். இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அந்தப் படத்தைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் என்று பெரிதாக யாரையும் சொல்ல முடியாது. மதிப்பிடுவதற்குப் படமே திரையில் இல்லை. ஜப்பானிய இயக்குநர் மிக்கியோ நருசே 80க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றில் பல, ஜப்பானுக்கு வெளியே நெடுங்காலம் எளிதில் கிடைக்கவில்லை. நருசேயைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அவரை உயர்வாகவே பேசுகிறார்கள்; அவர் அதிகம் அறியப்படாதவரே தவிர, குறைத்து மதிக்கப்பட்டவர் அல்லர். தமிழில் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' 1978இல் வந்தது. அதற்குப் பின் 1980இல் 'கிராமத்து அத்தியாயம்' மட்டுமே அவர் இயக்கத்தில் வெளியானது. அவருடைய இடத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசுபவர்களில் எத்தனை பேர் இரண்டாவது படத்தையும் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

கிடைக்கும் பிரதி எது என்பதும் இதே அளவுக்கு முக்கியம். ழான் ரெனுவாரின் 'ரூல்ஸ் ஆஃப் தி கேம்' 1939இல் பாரிஸில் வெளியானபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது; ரெனுவாரே அதை வெட்டிச் சுருக்கினார்; சில மாதங்களில் பிரெஞ்சு அரசு அதைத் தடை செய்தது; போர்க்காலக் குண்டுவீச்சில் மூல நெகட்டிவும் அழிந்தது. மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து மீட்டமைத்த பிரதி 1959இல்தான் திரைக்கு வந்தது. மேலே சொன்ன வாக்கெடுப்பில் அது 1962இல் 3ஆம் இடத்தையும் 1972இல் 2ஆம் இடத்தையும் பெற்றது. 1939இல் திட்டியவர்களும் 1962இல் வாக்களித்தவர்களும் ஒரே படத்தைப் பற்றிப் பேசினார்கள் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். வெல்ஸின் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்துக்கு அந்த நல்வாய்ப்பும் இல்லை. அவர் பிரேசிலில் இருந்தபோது ஸ்டூடியோ 40 நிமிடங்களுக்கு மேல் வெட்டி, முடிவையும் வேறாகப் படமாக்கிச் சேர்த்து, 1942இல் வெளியிட்டது. அந்த முடிவின் பலவீனத்தை வெல்ஸின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

பிற்காலத் தோல்விகளை முற்கால வெற்றிகளிலிருந்து கழித்துப் பார்ப்பதும் வேண்டாம். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா 1972 முதல் 1979 வரை இயக்கி வெளியிட்ட 4 படங்களை அவருடைய பின்னாளைய படம் எதுவும் மோசமாக்கிவிடவில்லை. சராசரி எடுத்தால், 1955இல் ஒரே ஒரு படம் இயக்கிவிட்டு நிறுத்திக்கொண்ட சார்லஸ் லாட்டன் எல்லாருக்கும் மேலே போய்விடுவார்.

ஒருமுறை சொன்ன தீர்ப்பைக் கடைசிவரை காப்பாற்றியாக வேண்டும் என்ற பிடிவாதமும் இந்த விவாதங்களைக் கெடுக்கிறது. சாரிஸ் 1968இல் அமெரிக்க சினிமாவின் இயக்குநர்களைப் படிநிலைகளாகப் பிரித்து ஒரு நூல் எழுதினார். பில்லி வைல்டர், டேவிட் லீன், ஜான் ஹியூஸ்டன் ஆகியோரை, பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு உள்ளே சரக்கு இல்லாதவர்களின் வரிசையில் வைத்தார். அந்த நூலைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை அதையே வேதவாக்காகத் திருப்பிச் சொன்னது. அமெரிக்காவில் இந்த வகை மதிப்பீட்டுக்கே முன்னோடியான சாரிஸோ, வைல்டரைப் பற்றிய தம் கருத்தை மறுபரிசீலனை செய்தார். அவர் மேல்வரிசையில் இருக்க வேண்டியவரே என்று 1991இல் ஒரு கட்டுரையில் காரணங்களோடு எழுதி, தம் பெயரிலேயே அதை வெளியிட்டார்.